ஒரு ஸ்விஃப்டின் சர்வீஸ் தாளுக்கு உரை

நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்கும் ஷோரூமும் அப்படித்தான். மதிப்பீட்டாளர் வண்டியைச் சுற்றி வருவதற்கு முன்பே பதிவு எண்ணைத் தட்டி, அது கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு வந்துபோன வரலாற்றைத் தாளில் எடுத்துவிடுகிறார். வண்டி வேறு கம்பெனியுடையது என்றால் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறார். உரிமையாளர்களில் பலர் விற்கும் நாள் வரை இந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. விலை பேச உட்காரும்போது எதிரில் இருப்பவர் அதைப் படித்து முடித்திருக்கிறார், இவர் படிக்கவில்லை. பேரம் அங்கேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அந்தத் தாளை வரிவரியாகப் படித்துப் பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை. கீழே மூலமாக வைத்திருப்பது எந்த ஒருவருடைய வண்டிக்கும் உரியதல்ல. சென்னைப் பதிவு கொண்ட 2016 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு இப்படி ஒரு தாள் இருக்கும் என்று நான் அமைத்துக்கொண்டது. தேதிகளும் கிலோமீட்டர்களும் கற்பனை. வரிகளின் இயல்பு கற்பனையல்ல.

மூலத்துக்குள் போகுமுன் எக்ஸ்சேஞ்ச் விலை எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வியாபாரி பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார். இந்த வண்டியை நான்கு லட்சத்துக்கு விற்க முடியும் என்று அவர் நினைப்பதாக வைத்துக்கொள்வோம். டச்சப், பாலிஷ், சில்லறை வேலைகளுக்கு 20,000. விற்கும் வரை முடங்கும் பணத்துக்கு வட்டி, பெயர் மாற்றச் செலவு எல்லாம் சேர்த்து 10,000. அவருடைய லாபம் 30,000, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் அதிலிருந்தே கட்ட வேண்டும். மிச்சம் 3,40,000. ஆனால் அவர் சொல்வது 3,40,000 அல்ல, 3,10,000. அந்த 30,000 எங்கே போனது? வண்டிக்குள் தனக்குத் தெரியாமல் எது ஒளிந்திருக்கிறதோ அதற்கான முன்கழிவு அது. சர்வீஸ் தாள் பெரும்பாலும் தொடுவது இந்தக் கடைசிக் கழிவைத்தான். மாடலுக்குச் சந்தையில் இருக்கும் கிராக்கி, வயது, எத்தனையாவது ஓனர், ஓடிய தூரம் இவையெல்லாம் தாளுக்கு அப்பாற்பட்டவை. 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது புது ஸ்விஃப்டின் விலை இறங்கியது. புதியது இறங்கினால் பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு நல்ல ரெக்கார்டும் அதைத் தடுக்காது.

இன்னொன்று. புது வண்டிக்குத் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸையும் பழைய வண்டியின் விலையையும் ஒரே தொகையாகச் சேர்த்துச் சொல்வது ஷோரூம்களில் வழக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்காதவரை, உங்கள் ரெக்கார்டுக்கு மதிப்புக் கிடைத்ததா இல்லையா என்பதே தெரியாது.

இனி மூலம்.

“விற்பனை: 14.06.2016. இலவச சர்வீஸ்: 1,043 கி.மீ., 07/2016. 5,120 கி.மீ., 12/2016. 10,260 கி.மீ., 06/2017.”

மாருதியின் அட்டவணை 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. மூன்றும் ஒட்டி நடந்திருக்கின்றன. கூலி இலவசம் என்பதால் இவற்றை அநேகமாக யாரும் தவறவிடுவதில்லை, ஆகவே இருப்பதற்குத் தனி மதிப்பும் இல்லை. இல்லாமல் போனால்தான் பேச்சு எழும்.

“கட்டண சர்வீஸ்: 19,880 கி.மீ., 06/2018. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட்.”

பார்வைக்கு இதுதான் மிகச் சாதாரணமான வரி. எந்த வண்டிக்கும் போடுகிற ஆயில், எந்த வண்டிக்கும் மாற்றுகிற ஃபில்டர். மதிப்பீட்டாளரின் விரல் நிற்பது பொருள் பட்டியலில் அல்ல, 19,880 என்ற எண்ணில். வண்டி உள்ளே வரும்போது ஜாப் கார்டு போடுகிறவர் மீட்டரைப் பார்த்து எழுதிய எண் அது. விற்கும் நோக்கம் யாருக்கும் இல்லாத நாளில், விலையோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் எழுதியது. அதனால்தான் அதற்கு நம்பகம். 2017 ஜூனில் 10,260, 2018 ஜூனில் 19,880. ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற நடை இங்கே பிடிபட்டுவிட்டது. இனி வரும் ஒவ்வொரு எண்ணும் இந்த நடையோடு ஒத்துப்போக வேண்டும், அல்லது மாறியதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பழைய கார் வியாபாரத்தின் ஆறாத புண் மீட்டர் குறைப்பது. லேப்டாப்பை இணைத்து ஒன்றரை லட்சத்தை எழுபதாயிரமாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவரின் பணம் மட்டும் அதில் போவதில்லை. அடுத்து மாற்ற வேண்டிய பாகங்களின் கணக்கே அவருக்குத் தப்பாகிறது. பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் பொறுத்தவரை அது உயிர் விஷயம். பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மீட்டர் எண் பொதுவான ஒரு பதிவேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பிரிட்டனில் ஆண்டுத் தகுதிச் சோதனையில் எழுதும் மீட்டர் எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் நாட்டில் எல்லா வண்டிக்கும் பொதுவாக அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அந்தப் பாரம் முழுவதையும் இந்த ஜாப் கார்டு எண்களே சுமக்கின்றன. ஷோரூம் சர்வீஸ் என்றால் கூலி அதிகம் என்று சலித்துக்கொள்கிறோம். அந்தக் கூலியில் ஒரு பங்கு, தேதி போட்ட மீட்டர் சான்றுக்கும் சேர்த்துத்தான்.

“பாடி ஷாப், இன்சூரன்ஸ்: 26,310 கி.மீ., 02/2019. முன் பம்பர், வலது ஃபெண்டர், வலது ஹெட்லேம்ப்.”

இந்த வரியைக் கண்டதும் உரிமையாளர் முகம் வாடும், வியாபாரியின் குரல் ஏறும். ‘ஆக்சிடென்ட் வண்டி சார்’ என்பார். மூலத்தைச் சரியாகப் படித்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பம்பரும் ஃபெண்டரும் ஹெட்லேம்பும் போல்ட் கழற்றி மாட்டும் பாகங்கள். வண்டியின் எலும்புக்கூட்டில் இவை சேர்த்தியில்லை. அப்ரான், பில்லர், சேஸிஸ் லெக், ஃபுளோர் என்று ஏதாவது ஒன்று வெல்டிங்கோடு எழுதியிருந்தால் அது வேறு கதை. அப்படிப்பட்ட வண்டியைக் கம்பெனியின் சான்றிதழ் பெற்ற பழைய கார் பிரிவு எடுப்பது அரிது. அதை வெளியே கன்சல்டிங் கடைக்கோ ஏலத்துக்கோதான் தள்ளுவார்கள், விலையும் அதற்கேற்ப விழும். இந்த வரியில் அப்படி எதுவும் இல்லை. இல்லை என்பதைத் தாளே சொல்கிறது என்பதால், அதை விரல் வைத்துக் காட்டுவது உரிமையாளரின் வேலை.

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். இதே அடியை இன்சூரன்ஸில் போடாமல், தெருமுனை டிங்கரிங் ஷெட்டில் கைக்காசு கொடுத்துச் சரிசெய்திருந்தால் தாள் சுத்தமாக இருந்திருக்கும். அப்படிச் செய்வதில் நியாயமும் உண்டு. கிளைம் வாங்காத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் நோ கிளைம் போனஸ், ஒரு கிளைமில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சின்ன அடிக்கு அதை இழப்பதில் பொருளில்லை. ஆனால் மதிப்பீட்டாளரிடம் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். பட்டி வைத்துப் பூசிய இடம் அதற்குப் பல மடங்கு காட்டும். தாளில் இல்லாத வேலை வண்டியில் தெரிந்தால், அடி எவ்வளவு ஆழம் போனது என்பதை அவர் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார், அந்தக் கற்பனை ஒருநாளும் உரிமையாளருக்குச் சாதகமாக இராது. வெளியே வேலை பார்த்தவர்கள், அடிபட்ட நிலையில் எடுத்த நாலு போட்டோவையும் ஷெட்டின் பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும். போனஸும் மிஞ்சும், விலையும் மிஞ்சும்.

“கட்டண சர்வீஸ்: 29,450 கி.மீ., 06/2019.” அடுத்த வரி: “ரன்னிங் ரிப்பேர்: 47,900 கி.மீ., 11/2021. கிளட்ச் செட்.”

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே எழுதப்படாத ஒரு வரி இருக்கிறது. 29 மாதம், 18,450 கிலோமீட்டர். தாள் முழுவதிலும் அதிகப் பணம் கழிவது இந்த வெற்றிடத்தில்தான்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு சர்வீஸ் விடாத வண்டிகள் ஏராளம், எந்த மதிப்பீட்டாளரும் அதற்காகக் குறைசொல்ல மாட்டார். ஆனால் இந்த வண்டி நிற்கவில்லை, 18,450 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓடிய வண்டிக்கு ஆயில் யாரோ மாற்றியிருக்க வேண்டும், அல்லது யாருமே மாற்றியிருக்கக் கூடாது. தாள் இரண்டையும் சொல்லவில்லை. அப்போது வியாபாரி மோசமானதை உண்மையென்று வைத்துக்கொண்டு விலை போடுகிறார். இதில் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஸ்விஃப்டின் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது, பெல்ட் இல்லை. செயினுக்குக் கிலோமீட்டர் கெடு கிடையாது, ஆனால் அதன் உயிர் ஆயிலில் இருக்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பழைய ஆயில் கெட்டியாகி அழுக்கு படிந்தால் முதலில் சத்தம் வரும், பிறகு செலவு வரும். இந்தத் தேய்மானத்தை வெளியே நின்று அரை மணி நேரத்தில் யாராலும் அளந்துவிட முடியாது. அளக்க முடியாததற்குத்தான் முன்கழிவு.

பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் வெற்றிடம் இன்னும் கனமானது. டஸ்டர் டீசல், பழைய இன்னோவா டீசல் போன்றவற்றில் டைமிங் பெல்ட்டைக் குறித்த தூரத்தில் மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினையே பிரிக்க நேரும். அந்த வண்டிகளுக்கு ‘பெல்ட் மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரி மற்ற எல்லா வரிகளுக்கும் மேல்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வெற்றிடங்களில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வந்தவை அல்ல. வாரன்டி முடிந்ததும் வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுகிறோம். 2016-இல் ஸ்விஃப்டுக்கு வாரன்டி இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். அது முடிந்த பிறகு அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய ஒருவர், அதே கிரேடு ஆயிலை, ஒரிஜினல் ஃபில்டரோடு, கண்ணெதிரே மாற்றிக் கொடுக்கிறார். பல சமயம் வேலை ஷோரூமைவிட நன்றாகவே இருக்கும். அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் எதையும் எழுதுவதில்லை. அத்தனை அக்கறையும் விற்கும் நாளில் ‘ரெக்கார்டு இல்லை’ என்ற இரண்டு சொல்லில் அடிபட்டுப் போகிறது. பராமரித்தவரும் பராமரிக்காதவரும் ஒரே விலைக்கு இறங்குகிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது, ஏனென்றால் தடுக்க ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தேதி, பதிவு எண், மீட்டர் எண், போட்ட ஆயிலின் பெயரும் கிரேடும், இவ்வளவும் உள்ள கைப்பில் போதும். ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ஸ்பேர்ஸ் கடை பில்லை அதோடு பின் அடித்து வைத்தால் இன்னும் நல்லது. மீட்டரை அதே நாளில் செல்போனில் ஒரு படம் எடுத்தால் அந்தப் படத்துக்குள்ளேயே தேதி இருக்கும். இந்தப் பில்களுக்கு ஷோரூம் முழு மதிப்புத் தராது, அது உண்மைதான். ஆனால் வெற்றிடத்தின் இரு பக்கமும் கம்பெனிப் பதிவு இருந்து, நடுவில் உள்ள பில்களின் மீட்டர் எண்கள் படிப்படியாகச் சரியாக ஏறிப்போனால், அவற்றைப் பொய் என்று தள்ளுவது எளிதல்ல.

கிளட்ச் செட்டைப் பொறுத்தவரை, நகர நெரிசலில் ஓடிய வண்டிக்கு 48,000-இல் அது தேய்வது அதிசயமல்ல. புது கிளட்ச் உள்ள வண்டி அடுத்தவருக்கு ஒரு செலவைத் தள்ளிப்போடுகிறது. விலையைக் கூட்டாது என்றாலும் சில்லறை வேலைக் கழிவில் அதைச் சேர்க்க விடக்கூடாது.

“கட்டண சர்வீஸ்: 57,200 கி.மீ., 11/2022. வாடிக்கையாளர் மறுத்தவை: முன் பிரேக் பேட், லோயர் ஆர்ம் புஷ், ஏசி டிஸின்ஃபெக்டன்ட்.”

மறுத்தவையும் பதிவாகும் என்பது பலருக்குத் தெரியாது. சர்வீஸ் அட்வைசர் பரிந்துரைத்து, நாம் போனில் ‘இப்போ வேண்டாம்’ என்று சொன்னது இங்கே நிற்கிறது. மூன்றும் ஒரே தரமல்ல. ஏசி டிஸின்ஃபெக்டன்ட், எஞ்சின் டீகார்பனைசிங், டெஃப்ளான் கோட்டிங் போன்றவை சர்வீஸ் சென்டரின் வருமானத்துக்கானவை. அவற்றை மறுத்ததால் மதிப்புக் குறையாது. பிரேக் பேட் அப்படியல்ல. அடுத்த பதிவில் பேட் மாற்றியதாக இருந்தால் சரி. இல்லையென்றால் அதை வெளியே மாற்றிய பில் வேண்டும்.

“டோயிங் மூலம் வரவு: 65,340 கி.மீ., 12.12.2023. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றம். சீட், கார்ப்பெட் கழற்றிச் சுத்தம்.”

இதில் வெள்ளம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனாலும் சென்னையில் வண்டி எடுக்கும் எவரும் இதை ஒரு நொடியில் படித்துவிடுவார். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் நீரில் நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போலவே அப்போதும் ஏராளமான வண்டிகள் டோயிங்கில் ஏறின. தேதியும், டோயிங்கும், கழற்றிய கார்ப்பெட்டும் சேர்ந்தால் வேறு அர்த்தம் கிடையாது.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதில்தான் இந்த வண்டியின் விலை இருக்கிறது. கதவின் அடிவிளிம்பைத் தாண்டி கார்ப்பெட் நனைந்ததோடு நின்றிருந்தால், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சீட்டுக்கு அடியில் போகும் ஒயர் இணைப்புகளும்தான் கவலை. துரு அங்கே மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறி, அந்த நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததால் வரும் அந்தச் சேதத்துக்கு, எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பதில்லை. பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிட்டு இன்சூரன்ஸ் முடித்துவிடும். அப்படி முடிந்த வண்டிகள் ஏலத்தில் போய் வேறு ஊர்களில் பளபளப்பாகத் திரும்பி வருவது தெரிந்த கதை.

நம் வரியில் எஞ்சின் பிரித்ததாக இல்லை, ராடு மாற்றியதாக இல்லை, ஒயரிங் கிட் மாற்றியதாகவும் இல்லை. ஏர் ஃபில்டரை மாற்றியதால் அது நனைந்திருக்குமோ என்ற கேள்வி நிற்கிறது. இதற்குப் பதில் தாளில் கிடைக்காது, இன்வாய்ஸில்தான் கிடைக்கும். தொகை சிறிதாக இருந்தால் வேலையும் சிறிது. இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த படங்கள் இருந்தால் தண்ணீரின் உயரமே அதில் தெரியும். வண்டியிலும் சாட்சி இருக்கிறது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியும்.

இந்த வரியை மறைக்க நினைத்து, ‘ரெக்கார்டு தொலைந்துவிட்டது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பதிவு எண்ணைத் தட்டினால் வருவது எப்படித் தொலையும்? அப்படியே அது வெளியே வராவிட்டாலும், அடுத்து அந்த வண்டியில் குழந்தைகளோடு ஏறப்போகும் குடும்பத்துக்கு, ஏர்பேக் பெட்டி ஒருமுறை நனைந்திருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். விலைக்காகவும் சொல்கிறேன், அதற்காகவும் சொல்கிறேன். இந்த வரிக்குக் கழிவு உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் கார்ப்பெட் மட்டும் நனைந்தது என்று இன்வாய்ஸோடு காட்டும் வண்டிக்கும், எவ்வளவு முங்கியது என்றே தெரியாத வண்டிக்கும் கழிவு ஒன்றாக இராது.

“கட்டண சர்வீஸ்: 72,900 கி.மீ., 01/2025. முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் 4, பேட்டரி.”

2022-இல் மறுத்த பேட் இங்கே மாறிவிட்டது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் ஓடாவிட்டாலும் ஆண்டுக் கணக்கில் மாற்ற வேண்டியது. அதையும் கவனித்திருக்கிறார்கள் என்பது உரிமையாளரைப் பற்றிய நல்ல சாட்சி. இந்த வரியின் முக்கியம் வேறொன்றில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு 7,560 கிலோமீட்டர் ஓடி, ஒரு மழைக்காலமும் கடந்து, எலக்ட்ரிகல் புகார் ஒன்றுகூட இல்லாமல் வண்டி உள்ளே வந்திருக்கிறது. முந்தைய வரிக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது. பேரத்தில் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

நாலு டயருக்கும் பேட்டரிக்கும் கொடுத்த பணம் திரும்பி வராது. விற்பதற்காகவே மாற்றுவது வீண்.

“ரீகால்: நிலுவை இல்லை.”

தயாரிப்புக் குறை தெரிந்து கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும் வேலைகள் இவை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. கம்பெனி வலைத்தளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் நிலுவை உண்டா என்று உரிமையாளரே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்றாவது ஓனரிடம் இருக்கும் வண்டிகளுக்குக் கம்பெனியின் கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும் என்பதால் அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நிலுவை இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வாரம் முன்பே விட்டு முடித்து, அந்த வேலையும் பதிவில் ஏறிய பிறகு தாளை அச்செடுத்துக்கொண்டு போகலாம்.